பஸ் ஸ்டாண்டில் திட்டு வாங்கிய சேகர்

போன ஞாயிற்றுக்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் என் நண்பன் ஒருவன் நன்றாகத் திட்டு வாங்கினான். திட்டியவர் யார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மடுல்சீமை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். நான், சேகர், அவன் மனைவி கலா. கையில் மரக்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மா சேகரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்ஃபி கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். டிவி நாடகத்தில் நடிக்கிறவனோடு ஊர் சுற்றினால் இதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

அவர் செல்ஃபி கேட்கவில்லை.

"நீதானே அந்தப் புள்ளைய வீட்ட விட்டு வெரட்டுனவன்?"

ஆமாங்கம்மா என்றான் சேகர். அவ்வளவுதான்... பிடித்துக்கொண்டார். கைக்குழந்தையோடு ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டு உனக்கு எப்படிச் சோறு இறங்கியது என்று கேட்டார். பெற்றவள் உன்னை இப்படித்தான் வளர்த்தாளா என்று கேட்டார். அம்மா, அது நாடகம்தானே என்று நான் குறுக்கே போனேன். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். இவனோடு சேர்ந்து நிற்கிறாயே, நீ எப்படிப்பட்டவள் என்கிற பார்வை.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஆத்திரம் வருதே... அதுக்கு என்னா செய்யச் சொல்றீங்க?"

பையைத் தூக்கிக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பாவம், வாடிப்போயிருப்பான் என்று சேகரைப் பார்த்தேன். அவனோ பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறான். கேட்டியா, ஆத்திரம் வருதாம் என்று கலாவிடம் வேறு சொல்கிறான்.

நடுத்தெருவில் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

சேகரும் நானும் பதுளையில் ஒரே டியூஷன் வகுப்பில் ஏ.எல். பரீட்சைக்குப் படித்தவர்கள். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன் அவன். வகுப்பில் படிப்பிக்கிற சேர் இருமுவது போலவே இருமுவான். ஒருநாள் சேர் வாசலில் நிற்பது தெரியாமல் இருமி, அவரையும் சிரிக்க வைத்தவன். படிப்பு முடிந்ததும், தோட்டத்துப் பிள்ளைகள் பலரையும் போல, கொழும்புக்குப் போய் புறக்கோட்டையில் ஓர் உடுப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

அங்கேதான் அவனுக்கு ஸ்டாண்ட்-அப் காமெடி என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று பேசியே சிரிக்க வைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்... கூத்து ஆடுகிறவருக்கு வேஷமாவது இருக்கிறது. பாடுகிறவருக்குப் பக்கத்தில் மேளம் இருக்கிறது. இதில் ஒளிந்துகொள்ள ஒன்றுமே கிடையாது. கூட வேலை செய்த ஒருவன் பிடித்துத் தள்ள, ஒரு கஃபேயில் மைக் முன்னால் போய் நின்றான். அதுவரை பேசியவர்கள் எல்லாரும் இங்கிலீஷ். இவன் நம்முடைய தமிழில் ஆரம்பித்தான்.

"எங்க தோட்டத்துக்கு பஸ் வராதுங்க. பஸ் வர்ற எடத்துக்கு நாங்கதான் நடந்து போவோம். அங்கேயும் வராது."

சிரித்தார்கள். யாரோ போனில் பிடித்துப் போட, அந்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள், இந்த ஆளைத் தெரியுமா என்று. எனக்கா தெரியாது?

பிறகு மேடைகள். உடுப்புக் கடையை விட்டான். கலாவைக் கல்யாணம் செய்தான். டிவியிலிருந்தும் கூப்பிட்டார்கள்.

வேஷம் என்ன தெரியுமா? கொழும்பு வீட்டில் வேலைக்கு வந்த தோட்டத்து ஆள். ஃபிரிட்ஜைத் திறந்து துணி மடித்து வைப்பான். லிஃப்டைப் பார்த்துக் கும்பிடுவான். வாயைத் திறந்தால் நம் ஆட்கள் யாருமே பேசாத ஒரு தமிழ். இவன் முட்டாளாக இருக்கட்டும், ஆனால் தோட்டத்திலிருந்து வந்ததால்தான் முட்டாள் என்று காட்ட வேண்டாமே என்று சேகர் கேட்டுப் பார்த்தான். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றார் டைரக்டர். அப்படியென்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ப் பதுளைக்குக் கோச்சி ஏறிவிட்டான்.

படத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால் மனைவி கண் கலங்கி, உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்பாள், இல்லையா? கலா அப்படிச் சொல்லவில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னது சரிதான். ஆனா என்னயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு டிவிக்காரர்களின் போன் வரவே இல்லை. மேடைகளும் குறைந்தன. கலா பசறையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்ததால் வீடு ஓடியது. சேகர் அந்த நாட்களில் அதிகம் பேசமாட்டான். சிரிக்க வைக்கிறவன் பேசாமல் இருந்தால் வீட்டில் அது பெரிய சத்தமாகக் கேட்கும் என்று கலா ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

கடைசியில் ஒரு சின்னப் படத்தில் வாய்ப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மகளுக்காகக் காத்திருக்கும் அப்பா வேஷம். சிரிப்பே கிடையாது. படம் டிவியில் வந்த அன்று சேகரும் கலாவும் பதுளையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டிருந்தேன். எல்லாரும் அமைதியாகத்தான் பார்த்தார்கள். டாக்டர் வந்து விஷயத்தைச் சொல்கிறார்... சேகர் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான்...

வீடே கொல்லென்று சிரித்தது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சேகரும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன்.

"இவங்கள சிரிக்க வைக்க எவ்வளவு பாடுபட்டேன். இப்ப போதும்னா நிறுத்த மாட்டேங்கிறாங்க" என்றான்.

குசினி வாசலில் வந்து நின்ற கலாதான் பேசினாள். மேடையில் ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தி ஆட்களைப் பார்ப்பது அவன் பழக்கம். படத்தில் அழும்போதும் அப்படியே நிறுத்தியிருக்கிறான், அவர்களும் வழக்கம்போலச் சிரித்துவிட்டார்கள் என்றாள்.

"உங்க அப்பா தவறுன அன்னிக்கு நீங்க அழவே இல்ல. வந்தவங்க செருப்பெல்லாம் எடுத்து வாசல்ல சோடி சோடியா அடுக்கிக்கிட்டு இருந்தீங்க. அதப் பார்த்துத்தான் எனக்கு அழுக வந்துச்சு."

சேகர் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தான். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினான்.

இப்போது ஓடுகிற டிவி நாடகத்தில் அவன் வில்லன். மனைவியைக் கத்திக் கத்தி வெளியே தள்ள வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்களாம். கத்தாமல் செய்து பார்க்கவா என்று கேட்டிருக்கிறான். அவளை வெளியே அனுப்பினான். உள்ளே கிடந்த அவள் செருப்புகளை எடுத்தான். வாசலுக்கு வெளியே சோடி சேர்த்து, ஒழுங்காக வைத்தான். கதவைச் சாத்தினான். டிவியில் பார்த்தபோது எனக்கே அவன் மேல் கோபம் வந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவுக்கு வராமல் இருக்குமா?

அன்றைக்கு நாங்கள் மடுல்சீமைக்குக் கிளம்பியதும் சும்மா இல்லை. இவ்வளவு வருஷமாக லயத்துக் கதைகளை எங்கெங்கோ போய்ச் சொன்னவன், சொந்தத் தோட்டத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தோட்டத்து இளைஞர்கள் மைதானத்தில் ஒரு மேடை போட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது கலா சொன்னாள்:

"லயத்துக் கதைய லயத்து ஆளுங்ககிட்ட சொல்லிப் பாருங்க. அங்க சிரிக்கலைன்னா, இனிமே எங்கயும் சொல்ல வேணாம்."

அவ்வளவு நேரமும் திட்டு வாங்கிய சந்தோஷத்தில் இருந்தவனுக்கு முகம் மாறிவிட்டது. மிச்ச வழி முழுக்க வளைவுகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

லீவு நாள் என்பதால் மைதானம் நிறைந்திருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள்தான் முன்னால். ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துவாயுமாக உட்கார்ந்து, நம்ம லயத்துப் பையன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தார்கள். பஸ் ஜோக்கைச் சொன்னான். பின்னாலிருந்து ஒரு பெரியவர், இப்ப வேன் வருது தம்பி என்று அக்கறையாகத் தகவல் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்து, லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது என்பதை வைத்து ஒன்று. பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தால் எங்கள் வீட்டில் கண் கலங்கும் என்றான்.

சத்தமே இல்லை. சேகர் தண்ணீர் குடித்தான். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண், திரும்பிப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"வெங்காயம் என்னா வெங்காயம்... அடுத்த வீட்டுல கருவாடு பொரிச்சா நாம வெறுஞ்சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்துருவோம்ல."

மைதானம் அதிர்ந்தது. துவாயை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சேகர் மேடையிலிருந்து குதித்து, மைக்கை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். அவள் வெட்கப்பட்டு அடுத்தவளிடம் தள்ள, அடுத்தவள் தன் புருஷனின் குறட்டைக் கதையை எடுத்துவிட்டாள். தான் எழுப்பினால் அசையாத மனிதர், மூன்றாவது வீட்டுக்காரர் சுவரைத் தட்டினால் மட்டும் எழும்புவாராம். அந்தப் புருஷன் அங்கேயே உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

அடுத்தவன் நம் கதையைச் சொன்னால் கொஞ்சம் யோசனையாகத்தான் கேட்போம், அவன் நம்ம பையனாகவே இருந்தாலும். நாமே சொல்ல ஆரம்பித்தால்... சிரிக்க யாருடைய அனுமதி வேண்டும்?

சேகர் புல்லில் கலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். இருட்டும் வரை மைதானத்தை விட்டு ஒருத்தரும் எழும்பவில்லை.

நன்றி சொல்வதற்காக மைக்கைக் கேட்டான். யாரும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.