ஞானரட்ணம் அண்ணை மீன் காய்ச்சிய நாள்

ஞானரட்ணம் அண்ணை ஜப்பான்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்ற கதையை என் மனைவி தவநாயகி லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயிலில் இருந்து கொண்டுவந்தாள். அவளுக்குச் சொன்னது பாலாம்பிகை. பாலாம்பிகைக்கு யாரோ சொன்னார்களாம். 1995 நவம்பர் அது. யாழ்ப்பாணத்துச் சனம் வீடு வாசலை விட்டு நடந்துபோன நாட்கள். ஊரில் யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாச் செய்தியும் இரண்டாம் மூன்றாம் வாயால் வந்தது. அவற்றோடு இதுவும் வந்தது.

“தன்ரை மனுசி சிவனேஸ்வரி அக்கா செத்த நாளிலை, அவவின்ரை அடுப்பிலை மீன் காய்ச்சி அந்த ஜப்பான்காரிக்குக் குடுத்தவராம்.”

“நானும் அங்கைதானே சாப்பிட்டனான்?”

“பாலாம்பிகைக்குச் சொன்னனான். ‘அப்ப உன்ரை மனுசனும் சேர்த்தியோ’ எண்டு கேக்குறா.”

ஞானரட்ணம் அண்ணை எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தார். ஊரில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவர், எண்பத்துநாலில் இங்கே வந்து பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவருடைய மனைவி சிவனேஸ்வரி அக்கா வருடத்துக்கு இரண்டு தரம் கறித்தூள் வறுப்பார். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்தால் தெரு முழுக்கத் தும்மும். ஒருமுறை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பயந்துபோய்த் தீயணைக்கும் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்களுக்கு அக்கா தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் கொடுத்து அனுப்பினார். அந்தத் தும்மல் இல்லாத எங்கள் தெரு இப்போது எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

தொண்ணூற்றுமூன்றில் அக்காவைப் புற்றுநோய் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை ஆள் மாறி ஆளாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அது முடிந்ததும் சட்டிகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. பிறகு அண்ணைக்குக் கடைப் பாணும் ரின்னில் அடைத்த சூப்பும்தான். அக்கா கடைசியாக வறுத்த தூள் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் ஃப்ரீசருக்குள் கிடந்தது. அவர் அதைத் தொடமாட்டார்.

“அது முடிஞ்சா முடிஞ்சுது, தம்பி.”

வேலை இல்லாத நாட்களில் சூட்டுக்காக லைப்ரரியில் போய் இருப்பார். அங்கே அட்டையில் ஒரு கோப்பையும் இரண்டு குச்சியும் போட்டிருந்த புத்தகமொன்றை எடுத்தார். ஜப்பான் நாவல், ஆங்கிலத்தில். பஸ் தரிப்பில் எனக்குக் கதை சொன்னார்.

“ஒருத்தன், ரயில்வேயிலை வேலை. மனிசி செத்துப்போச்சு. அவ போட்ட ஊறுகாய்ச் சாடி கிடக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு தின்னுறான். முடிஞ்சிடும் எண்டு வர வர மெலிசாய் வெட்டுறான்.”

“பிறகு?”

“பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு ரெண்டு பேருமாய்த் திண்டு முடிக்கினம். அவ்வளவுதான். முழுப் புத்தகத்திலையும் ஒருத்தரும் அழேல்லை. எங்கடை செத்தவீடு எண்டால் முதல் பக்கத்திலேயே கத்தி முடிச்சிருப்பினம்.”

நக்கலடித்தவர் லைப்ரரியில் அந்த ஜப்பான் தட்டில் இருந்த எல்லாப் புத்தகங்களையும் வாசித்தார். அவருக்குப் பின்னால் நானும் வாசித்தேன். எல்லாம் அண்மையில் எழுதப்பட்டவை. அவற்றில் யாராவது செத்துப்போகிறார்கள், மிஞ்சியவர்கள் அரிசி கழுவுகிறார்கள். காதலைக்கூட வாயால் சொல்வதில்லை. மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மற்றவரின் கோப்பைக்குள் வைக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு மொழியில் படித்தும் துக்கம் வந்தால் என்ன சொல்வதென்று தெரியாதவன் நான்.

அந்தத் தட்டருகில்தான் மொரிதாவை அண்ணை சந்தித்தார். கணவருடைய கம்பனி வேலைக்காக லண்டன் வந்து, கணவர் இங்கேயே இறந்துபோக, அக்டனில் ஜப்பான் சாமான் கடையொன்றில் வேலை செய்த பெண். தலை முழுக்க நரை. தங்கள் நாட்டில் இறந்தவரின் திகதி வரும்போது அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்போம் என்று சொல்லி, அக்காவின் திகதியைக் கேட்டிருக்கிறார். அண்ணை நவம்பர் இருபத்தொன்று என்றார். எங்கள் திவசம் பிறையைப் பார்த்து வருவது, அக்காவுக்கு அது கார்த்திகை வளர்பிறை அட்டமி என்பதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அந்த வருடம் அட்டமி மாதக் கடைசியில் விழுந்தது. ஐயருக்குச் சொல்லியாயிற்று. ஒரே மகள் வதனியும் அவர் சொன்ன நாளுக்கு ரொறன்ரோவில் இருந்து வர டிக்கெற் போட்டிருந்தாள்.

இருபத்தோராம் திகதி மத்தியானம் மொரிதா வெள்ளைப் பூவோடும் பொரித்த மீனோடும் வாசலில் வந்து நின்றார். எங்கள் கணக்கில் அது வெறும் செவ்வாய்க்கிழமை. அண்ணை அவரை இருத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, ஒருக்கா வாரும். நான் மீன் காய்ச்சப்போறன்.”

நான் போனபோது ஹோர்லிக்ஸ் போத்தல் திறந்திருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். மொரிதாவுக்கு மூக்கும் கண்ணும் ஓடின.

“உறைப்புக் கூடிப்போச்சோ?” என்று அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை. உங்கள் மனைவி நன்றாகச் சமைக்கிறார்.”

அண்ணை எழும்பிப்போய்த் தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு நெடுநேரம் கை கழுவினார். நானும் கோப்பைகளோடு குசினிக்குள் போனேன். அந்த நேரம் இடம்பெயர்ந்தவர்களுக்கு உடுப்புச் சேர்க்கிற கணேசலிங்கம் வந்து மணி அடித்தார். மொரிதா கதவைத் திறந்தார். கணேசலிங்கம் அவரைக் கண்டார், மீன் மணத்தைக் கண்டார், என்னைக் காணவில்லை.

கதை மூன்று நாளுக்குள் ரொறன்ரோ போய்விட்டது. வதனி லண்டனில் வளர்ந்தவள். அவளுக்கு அம்மா இறந்த நாள் என்றால் ஆஸ்பத்திரி கொடுத்த திகதிதான். இருபத்தொன்று முழுக்க அவள் அங்கே சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். அந்தக் கோபத்தோடு அண்ணைக்குப் போன் எடுத்திருக்கிறாள்.

“‘அம்மா செத்த நாளிலை மீன் திண்டனீங்களோ’ எண்டு கேட்டாள். ஓம் எண்டனான்.”

“அட்டமி இன்னும் வரேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை?”

“அவள் அதைக் கேக்கேல்லையே.”

திவசத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு அண்ணை பலமுறை போன் அடித்தும் அவள் எடுக்கவில்லை. அக்காவுக்குப் படைக்கும்போது பக்கத்தில் நிற்க அவருக்கு வேறு யாரும் இல்லை. திவசத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவள் ஏற வேண்டிய பிளேன் அன்றிரவு புறப்படுவதாக இருந்தது. இங்கே பின்னேரம் ஏழு மணி, அங்கே மத்தியானம் இரண்டு. அண்ணை என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“நான் கதைக்கட்டோ? இங்கிலீஷிலை விளங்கப்படுத்துறன்.”

“வேண்டாம். என்ரை பிள்ளைக்கு நான் சொல்லுறன். பிறையைப் பற்றியும் சொல்லுறன், போத்திலைப் பற்றியும் சொல்லுறன்.”

இலக்கங்களை ஒவ்வொன்றாக அமத்தினார். மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

“எடுக்கிறாளில்லை,” என்றேன்.

“எயார்போட்டுக்கு வெளிக்கிட்டிருப்பாளோ?”

“இருக்கும், அண்ணை.”

“இல்லாட்டி போனுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறாளோ தெரியாது.” ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். “கொஞ்சம் பேசாமல் இரும் தம்பி. இன்னும் அடிக்குது.”