கடல் இல்லாத நாட்டுக்கு ஒரு பயணத்திட்டம்

நானும் என் சிநேகிதியும் ஒரே ஆண்டில் ஓய்வுபெற இருந்தோம். திருகோணமலை நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் புவியியல் படிப்பித்தேன், அவர் மனையியல். கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வருவார். ஆசிரியர் அறையில் எங்கள் கதிரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒத்த வயதுதான் என்றாலும் ஒருவரையொருவர் ரீச்சர் என்றும் நீங்கள் என்றும்தான் பேசிக்கொண்டோம். இன்றும் அப்படித்தான்.

ஓய்வுபெற்றதும் நேபாளத்துக்குப் போவதென்று நான் எப்போதோ தீர்மானித்திருந்தேன். வாழ்நாள் முழுக்க மடிப்பு மலைகளைக் கரும்பலகையில் கீறிக் காட்டியவள், நுவரெலியாவைத் தாண்டி ஒரு மலையைக் கண்டதில்லை. நான் கலியாணம் செய்யாதவள். போகாதே என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. கூட வரவும் ஒருவரும் இல்லை. ஒருநாள் இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"அந்த நாட்டில கடல் இருக்கா ரீச்சர்?"

"இல்லை. சுத்திவர நிலந்தான்."

"அப்ப நானும் வாறன்."

பகிடி என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில், வரவுப் புத்தகத்தில் ஒப்பம் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "இவரிட்டக் கதைச்சிட்டன். இவரும் வாறாராம்."

இவர் என்றது கணவரை. கிண்ணியாவில் அரிசிக் கடை வைத்திருப்பவர். அண்ணன் முறை வைத்து நான் நானா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார்.

திட்டமிடுதல் சனிக்கிழமைகளில் என் வீட்டில் நடந்தது. ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். மேசையில் நேபாள வரைபடத்தை விரித்து, கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஊராகப் பார்த்தோம். என் வீட்டு முன்னறை யன்னலால் உட்துறைமுகம் தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் அந்த யன்னல் பக்கம்தான் இருக்க விரும்புவார்கள். என் சிநேகிதி மட்டும் கதிரையைத் திருப்பிப் போட்டு, அலுமாரியைப் பார்த்தபடி இருப்பார்.

நான் ஓர் ஊரின் பெயரைச் சொன்னால், அங்கே என்ன பார்க்கலாம் என்று அவர் கேட்பதில்லை. "கடல்மட்டத்தில இருந்து எவ்வளவு உயரம்?" என்றுதான் கேட்பார். காத்மண்டுவின் உயரத்தைச் சொன்னபோது தலையாட்டினார். போக்கரா அதைவிடப் பதிவு, தாழ்ந்த இடம் என்றதும் முகம் சுருங்கியது. அங்கே ஒரு ஏரியும் உண்டென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எவ்வளவு பெரிசு? எங்கட கந்தளாய்க் குளம் மாதிரியா?"

"அதைவிட நல்லாச் சின்னன்."

"அப்ப பரவாயில்லை. குளம் குளத்துக்குள்ள இருக்கும்."

உயரமான இடங்களில் மூச்சுக் கஷ்டம் வருமென்று பயப்படுகிறார் என்றே நான் நினைத்தேன். அவருக்குக் கொஞ்சம் பிரஷரும் இருந்தது. "பயப்பட வேண்டாம் ரீச்சர், ஆறுதலாய் ஏறுவம்" என்றேன்.

"நான் ஏறப் பயப்படயில்லை" என்றார். "எங்க நிண்டால் அது வராதெண்டு பாக்கிறன்."

சுனாமியில் அவர் தன் இளைய மகளைப் பறிகொடுத்தவர் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். கரையோரத்தில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்கு விளையாடப் போயிருந்த பிள்ளை. அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. பிறகு வீட்டை ஊரின் உட்பக்கமாக மாற்றிக்கொண்டார்கள். மூத்த மகள் கலியாணம் முடித்து மூதூரில் இருக்கிறாள். அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார்: காற்றடிக்கும் காலத்தில் புதுவீட்டிலும் அந்த இரைச்சல் கேட்கிறதாம். கேட்காத நாட்களிலும், கேட்கிறதா என்று காது கொடுத்தபடிதான் படுக்கிறாராம்.

"ஒரு நாளைக்கெண்டாலும் அது வரவே ஏலாத ஒரு இடத்தில படுத்துப் பாக்கணும் ரீச்சர்."

நானா அப்போது எங்களோடுதான் இருந்தார். வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்: "அங்க பூமி நடுங்கும் எண்டு சொல்றாங்களே ரீச்சர்?"

"ஓம் நானா. அடிக்கடி நடுங்கிற நாடுதான்."

என் சிநேகிதி முந்திக்கொண்டார். "நடுங்கினா நடுங்கட்டும். தண்ணி வராது தானே."

அதற்குப் பிறகு இந்தப் பயணத்தை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். என் மலைகளைப் பற்றிய ஆசை சின்னதாகிப்போனது. உயரத்தில், உள்ளே, தள்ளி இருக்கும் ஊர்களைத் தேடினேன். காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கில் காக்பேனி என்ற சிறிய ஊர் நல்லதாகத் தெரிந்தது. அங்கிருந்து இன்னும் மேலே முக்திநாத். நான் கும்பிட ஆசைப்பட்ட கோயில். இருவருக்கும் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டு, அங்கே தங்க இரண்டு நாள் ஒதுக்கிவிட்டு, அந்த ஊரைப் பற்றி வாசித்துக்கொண்டு போகையில் கை நின்றுவிட்டது.

அந்த ஆற்றில்தான் சாளக்கிராமக் கல் எடுக்கிறார்கள். கல்லை உடைத்தால் உள்ளே சுருள் சுருளாக, கல்லாகிப்போன கடற்பிராணி. இமயமலை கடலின் அடியிலிருந்து மேலெழுந்தது என்று ஆண்டுதோறும் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். கேள்வியாகப் பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன். என் சிநேகிதி கடலுக்கு ஒளித்துப் போய்ப் படுக்க நினைத்த இடம், அந்தக் கடலின் தரைதான் என்பது அந்த மேசையில் இருந்தபோதுதான் உறைத்தது.

அந்த ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு வேறு காரணம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் அங்கே போகிற வழியெல்லாம் அந்தக் கற்களை விற்பார்கள். யாரோ ஒரு கடைக்காரன் சொல்லி அவர் அறிவதைவிட நான் சொல்வது நல்லதென்று பட்டது. அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"எப்ப?" என்று மட்டும் அவர் கேட்டார்.

"மனுசர் ஒருத்தரும் பிறக்கிறதுக்கு முந்தி. கோடிக்கணக்கான வருஷம்."

"சரி ரீச்சர்." தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். நானா என்னைப் பார்த்து, குற்றம் சொல்லாத ஒரு தலையாட்டலோடு பின்னால் போனார்.

அந்தக் கிழமை முழுக்க ஆசிரியர் அறையில் அவர் பயணத்தைப் பற்றி வாய்திறக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்தினார். பிள்ளைகளின் தையல் வேலைகளுக்குப் புள்ளி போட்டார். பயணம் முடிந்தது என்றே நான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை, பஸ்ஸுக்குப் புறப்படும்போது என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அங்க இருந்த கடல் போயிட்டுது. பிறகு வரயில்லை. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப அந்த இடத்தை நான் பாக்கத்தான் வேணும். இரண்டு நாள் காணாது, கூடப் போடுங்கோ."

அதிக உயரத்தில் பல நாள் தங்க வேண்டாமென்று டொக்டர் சொன்னதால், முக்திநாத்துக்குக் காலையில் ஏறி அன்றே இறங்குவது, காக்பேனியில் ஒரு கிழமை தங்குவது என்று முடிவாயிற்று. அதற்காகத் திட்டத்தில் இருந்த லும்பினியையும் காட்டுப் பூங்காவையும் வெட்டினேன். அவர் தொழுவதற்கும் நான் கும்பிடுவதற்கும் ஒவ்வொரு நாளிலும் இடம் விட்டோம். சாப்பாடு பருப்பும் சோறும் மரக்கறியும் என்றதால் ஒருவருக்கும் சிக்கல் இருக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு மூவரும் போனோம். போக்கராவிலிருந்து மேலே போகும் சின்ன விமானம் முகிலால் நின்றுபோக, ஜீப்பில் ஏறி, பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி காக்பேனிக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்குமிடத்தில் பையை வைத்துக் கொஞ்ச நேரந்தான் இருக்கும். ஒரு இரைச்சல் எழுந்தது. யன்னல்கள் அடித்துக்கொண்டன. என் சிநேகிதி கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தபடி நின்றார்.

அது காற்று. அந்தப் பள்ளத்தாக்கில் மத்தியானத்தில் எழும்பி பொழுதுபட அடங்கும் காற்று. உயரத்தையும் வீதியையும் கல்லையும் பற்றியெல்லாம் வாசித்த நான், அதன் சத்தத்தைப் பற்றி வாசித்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எங்கள் ஊரில் மாரிக்காலத்துக் கடலேதான்.

"திரும்பிப் போவமா ரீச்சர்?" என்று கேட்டேன்.

"பொறுங்கோ. நிக்குதா எண்டு பாப்பம்."

கட்டிலில் இருந்து காத்திருந்தார். நானா பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்திருந்தார். வெளிச்சம் குறையக் குறையக் காற்று தணிந்து, பிறகு முற்றாக நின்றது. ஆற்றின் சலசலப்பு மட்டும் மிஞ்சியது. அடுத்த நாளும் அது எழும்பியது, அடங்கியது. மூன்றாம் நாள் அவர் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, அது அடங்குமட்டும் அங்கேயே நின்றார். அடுத்த நாள் காலைச் சாப்பாட்டின்போது நானா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இண்டைக்கு விடிய சுபஹுத் தொழுகைக்கு இவவை நான்தான் எழுப்பினனான் ரீச்சர். இத்தனை வருஷத்தில இதுதான் முதல்."

தெருவில் கல் விற்கும் பெண்ணொருத்தி, உடைத்த கல்லை என் சிநேகிதியின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அந்தச் சுருளை விரலால் தடவிப் பார்த்தார். வாங்கவில்லை. "எவ்வளவு வடிவாய்க் கிடக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இறங்கி வரும் ஜீப்பில், ஒன்றுமில்லாத ஒரு வளைவில், அவர் தன் இளைய மகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார். இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து நூல் நூலாகத் தின்பாளாம். பாவற்காயைக் கண்டால் மேசைக்குக் கீழே ஒளிப்பாளாம்.

"அது மூத்தவள்" என்றார் நானா.

"இல்லை, இவள்தான்."

"மூத்தவள்தான். சின்னவள் பாவற்காய் தின்னுவாள்."

"உங்களுக்கு ஒண்டும் ஞாபகமில்லை."

இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள். சாரதி திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர்கள் நிறுத்திவிடக் கூடாதே என்று பேசாமல் இருந்தேன்.