கொய்யகம் முழங்காலில் நின்ற காலை

சொந்தத் தொழில் தொடங்குவோருக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த அந்த வகுப்பில் முதல் நாளே ஆளுக்கொரு தாள் தந்தார்கள். சொந்தத் தொழிலில் வெற்றிபெறுகிறவரிடம் இருக்க வேண்டிய இயல்புகள் என்று அதில் இருபது இருந்தன. துணிவு, விடாமுயற்சி, பேச்சுத்திறன், தலைமை தாங்கும் ஆற்றல் என்று போய்க்கொண்டேயிருந்தது. உங்களிடம் இருப்பவற்றுக்கு எதிரே சரி போடுங்கள் என்றார் பயிற்சி தந்தவர். நான் இரண்டு தரம் வாசித்துவிட்டு, நேரம் தவறாமை என்பதற்கு மட்டும் ஒரு சரி போட்டேன். அதையும் பென்சிலால் போட்டேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த என் கூட்டாளி இருபதுக்கும் சரி போட்டுவிட்டுப் பேனையை மூடி வைத்திருந்தாள்.

"எல்லாம் உம்மிட்ட இருக்கோ?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. இல்லைன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா, பிறகு யாரு நம்மள நம்புவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அந்த வருஷம் முழுவதும் நான் சிரித்த சிரிப்புக்கு அதுதான் தொடக்கம்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. காப்புறுதி அலுவலகம் ஒன்றில் பதினாறு வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள். யாரோடும் முகம் பார்த்துக் கதைக்கத் தேவையில்லாத வேலை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எங்கள் பிரிவை மூடியபோது, இனி வீட்டில் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். கணவருக்குப் பொரளையில் ஆஸ்பத்திரி வேலை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வெள்ளவத்தையில் கடல் காற்று வரும் இரண்டாம் மாடி வீடு. என்ன குறை?

குறை என்னவென்றால் எனக்குச் சேலை உடுக்க வராது. கணவரின் அக்கா மகளுடைய கலியாணத்துக்காகக் காலி வீதிக் கடை ஒன்றில் பட்டுச் சேலை எடுத்தேன். விற்பனைக்கு நின்ற பெண் விரித்துக் காட்டும்போது, "வடிவுதான், ஆனா எனக்கு உடுக்கத் தெரியாதே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு நாடாவால் என் இடுப்பிலிருந்து தரை வரை அளந்தாள். பிறகு அந்தச் சேலையை மேசையில் போட்டு, கொய்யகத்தை மடித்து, ஊசி குத்தி, தோளில் விழும் தலைப்பையும் மடித்து, அயன் பண்ணி, அட்டைப் பெட்டியில் வைத்துத் தந்தாள்.

"அப்படியே எடுத்து இடுப்பில சொருகுங்க. தோளுல போடுங்க. அஞ்சு நிமிசம் போதும்."

கொய்யகம் என்று நான் சொல்வதை அவள் கொசுவம் என்பாள். கொட்டாஞ்சேனையில் இருந்தாள். பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். முப்பது வயதுக்குள் பதினொரு வருஷம் அந்தக் கடையில் சேலை விரித்து மடித்தவள். கலியாண வீட்டில் நான்கு பேர் என்னிடம் யார் உடுத்திவிட்டது என்று கேட்டார்கள். நானே உடுத்தேன் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அன்று வீடு வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை கடைக்குப் போனேன். துணி பார்ப்பவள்போல முக்கால் மணி நேரம் சுற்றினேன். கடைசியில் அவளே கிட்ட வந்து, "என்னக்கா, கொசுவம் அவுந்துருச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து இதையொரு தொழிலாச் செய்வமா?"

பதினாறு வருஷத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "செய்வோமே. எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு" என்றாள்.

இப்படித்தான் தொடங்கியது. என் வீட்டு வரவேற்பறையில் ஒரு மேசை, ஓர் அயன், நிறைய ஊசிகள். அவள் மடிப்பாள். நான் போன் எடுக்க வேண்டும், வீடு வீடாகப் போய் அளவெடுக்க வேண்டும். போன் அடித்தால் எடுக்காமல், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் அவள் பல்கனியில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்திவிட்டு, உள்ளே போய் விதவிதமான குரலில் அழைப்பாள். ஒருநாள் கோபக்கார மாமி. இன்னொரு நாள் வெளிநாட்டிலிருந்து வந்த மணப்பெண்.

"ஒரு சாறிக்கு எவ்வளவு எடுப்பியள்?" என்றாள் மாமி குரலில். என் பாஷை அவள் வாயில் நன்றாகவே வந்தது.

நான் விலையைச் சொன்னேன். சொன்ன கையோடு, "கூடவெண்டால் குறைக்கலாம்" என்றேன்.

போனில் இப்போது அவளுடைய சொந்தக் குரல். "நான் ஒண்ணுமே கேக்கலையேக்கா."

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் என் வாய் தானாகவே குறைத்தது. மூன்றாம் தரம், விலையைச் சொன்னவுடன் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். கதவுச் சந்தால் பார்த்துக்கொண்டிருந்தவள் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். உள்ளே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கணவர், "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று எழும்பி வந்தார்.

அவளுக்கும் ஒன்று வரவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஒரே விடியற்காலைக்கு ஐந்து வீட்டு ஓர்டரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். "பாவம்கா, ஆசையா கேட்டாங்க" என்பாள். ஆகவே மாட்டேன் சொல்லும் வேலையும் என்னிடம் வந்தது. விலை சொல்லப் பயந்த நான், ஆச்சரியமாக, மாட்டோம் என்பதை நன்றாகவே சொன்னேன். மறுப்புக் கடிதம் எழுதிய பழக்கமாக இருக்கலாம்.

ஆட்களைத் தேடி மாடி வீடுகளுக்கும் போனோம். பாமன்கடைப் பகுதியில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று. லிஃப்ட் வேலை செய்யவில்லை. இருவரும் நல்ல சேலை உடுத்து, கையில் விளம்பரத் தாள்களோடு ஏறினோம். ஐந்தாம் மாடியில் ஓர் அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, எங்கள் சேலையையும் தாள்களையும் பார்த்தார்.

"எங்களுக்கு ஏற்கெனவே ஒரு சமயம் இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நாங்கள் படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டோம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழும்பி மறுபடியும் அதே மணியை அடித்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, நாங்க சாமி விக்க வரல. சேலை மடிக்கிறவங்க."

கதவு முழுதாகத் திறந்தது. அந்த அம்மாதான், தன் மகளின் கலியாணத்துக்குப் பதினொரு சேலை மடிக்கும் ஓர்டரை எங்களுக்குத் தந்தவர்.

பதினொரு தோழிப்பெண்கள். பதினொன்றும் ஒரே மாம்பழ நிறம், ஒரே கரை. ஒவ்வொரு பெண்ணையும் தேடிப்போய் அளவெடுத்தேன். உயரம், இடுப்பு, போடப்போகும் செருப்பின் குதி உயரம் எல்லாவற்றையும் ஆளுக்கொரு அட்டையில் எழுதினேன். என் கூட்டாளி இரண்டு நாள் விடுப்பு எடுத்து மடித்தாள். பெட்டிகளின் மேல் பெயர்த் துண்டு ஒட்டியது நான். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் பெட்டிகள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கலியாணத்தன்று காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஓர் இளம் பெண்ணின் குரல்.

"அன்ரி, என்ர கொய்யகம் முழங்காலில நிக்குது."

பின்னால் இன்னொரு குரல். "எனக்கு நிலத்தைக் கூட்டுது எண்டு சொல்லு."

அயன் சூட்டோடு மூடிய பெட்டிகள் வியர்த்திருக்க வேண்டும். ஒட்டுத்தாள்கள் எல்லாம் கழன்று விழ, மண்டபத்தில் யாரோ அவற்றைப் பொறுக்கிக் கைக்கு வந்த பெட்டியில் திரும்ப வைத்திருக்கிறார்கள். நான் அட்டைகளையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். என் கூட்டாளிக்கு அழைத்தேன். என் வீட்டுக்கு வரக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டியில் நின்றுகொண்டிருந்தாள்.

"எறங்கி ஓட்டோ புடிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க சமாளிங்க."

"எனக்கு ஏலாது."

"ஏலும்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மண்டபத்தின் நான்காம் மாடி அறையில் பதினொரு பேரில் பத்துப் பேர், மாம்பழ நிறத்தைப் பாதி சுற்றியும் சுற்றாமலும் நின்றார்கள். நடுவில் மணப்பெண்ணின் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டுவிட்டார்களாம்.

"இதுக்கு ஆர் பொறுப்பு?" என்று கேட்டார்.

என் அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ விதமாகப் பதில் எழுதியிருக்கிறேன். பொறுப்பு என்ற சொல் வராமலே இரண்டு பக்கம் எழுதலாம். அன்றைக்கு அப்படி ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான்தான் பிழை விட்டனான், அக்கா. பேரை ஒழுங்கா ஒட்டேல்லை. பத்து நிமிஷம் தாங்கோ. சாறியெல்லாம் சரி, ஆக்கள்தான் மாறிப்போச்சு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்" என்று சொல்லிக் கதவடியில் நின்றுகொண்டார்.

"எல்லாரும் சாறியைக் கழட்டி மேசையில வையுங்கோ. பிறகு உயரப்படி வரிசையில நில்லுங்கோ" என்றேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பள்ளிக்கூட அசெம்பிளிபோலப் பாவாடையும் சட்டையுமாக வரிசையில் நின்றார்கள். நான் ஒவ்வொரு கொய்யகமாக அளந்து, அட்டையைப் பார்த்து, "மூண்டாவது ஆள், இது உங்கட" என்று எறிந்தேன். அவர்கள் பிடித்தார்கள். ஒருத்தி சிரிக்கத் தொடங்க, வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. எட்டு நிமிஷத்தில் ஒன்பது பேர் உடுத்துவிட்டார்கள்.

ஆகக் கடைசியில் நின்ற நெட்டைப் பெண்ணுக்கு மட்டும் மிஞ்சியது குட்டையாக மடித்த ஒரு சேலை. அவளுடைய சேலை எங்கே?

"அதை உடுத்துக்கொண்டு அவ ஆரத்தித் தட்டோட கீழ போயிட்டா" என்றாள் ஒருத்தி. போனவள் ஐந்தடிகூட இல்லாத பெண்.

நான் நான்கு மாடியும் படியால் இறங்கி ஓடினேன். வாசலில் நாதஸ்வரம் முழங்க, மாப்பிள்ளையின் கார் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்தச் சின்னப் பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய துணியை இரண்டு முழங்கைகளாலும் இடுக்கியபடி அசையாமல் நின்றாள். ஓர் அடி வைத்தால் விழுவாள். அதே நேரம் ஓர் ஓட்டோ காருக்குப் பின்னால் சடாரென்று நின்றது. என் கூட்டாளி குதித்து இறங்கினாள். மிச்சக் காசைக் கொடுக்க, "அக்கே, அக்கே" என்று சிங்களத்தில் கூப்பிட்டபடி ஓட்டோக்காரர் அவளுக்குப் பின்னால் வந்தார்.

அவள் ஒருவரையும் கேட்கவில்லை. வாயில் ஆறு ஊசியைக் கவ்வியபடி வாசலில் அந்தப் பெண்ணின் முன் முழங்காலில் நின்று, கொய்யகத்தை உள்பக்கமாக மடித்து உயர்த்தி, ஒவ்வொன்றாகக் குத்தினாள். காரின் கதவு பாதி திறந்தபடி நின்றது. மாப்பிள்ளை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மேளக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு இன்னொரு சுற்று வாசித்தார். படம் பிடிப்பவர் படம் பிடித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா மறுபக்கக் கதவால் இறங்கி நேரே வந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் குனிந்து, கடைசி ஊசி போகும்வரை பார்த்திருந்தார்.

"பிள்ளை, என்ர தலைப்பும் சரியா நிக்குதில்லை. ஒருக்காப் பாருமன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சுழன்று சுழன்றுதான் ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வர, அவள் நடைபாதையிலேயே திருத்தினாள். பிறகு மேலே ஓடி, நெட்டைப் பெண்ணுக்கு மிஞ்சிய சேலையை அவிழ்த்து முதலிலிருந்து மடித்தாள். தாலி கட்டும் நேரத்துக்குப் பதினொரு பேரும் மேடையில் மணமக்களுக்குப் பின்னால் ஒரே உயரத்தில் கரை தெரிய நின்றார்கள். எங்களைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மணப்பெண்ணின் அம்மா கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பந்தியில் இருத்தினார். சாப்பாடு முடிவதற்குள் ஏழு பேர் என் போன் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பாயசம் குடிக்கும்போது என் கூட்டாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

"கை நோகுதோ?"

"இல்லக்கா. நாளைக்கு மொதலாளிக்கிட்ட வேலைய விடுறேன்னு சொல்லப்போறேன். இப்பவே பயமா இருக்கு."

இருபது இயல்புகளும் தன்னிடம் இருப்பதாக எழுதிக் கொடுத்தவளுக்கும் பயம் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைக் கேட்டு என் பயம் கூடவில்லை. மாறாக மனம் ஒரு மாதிரியாக இலேசாகிவிட்டது. எனக்குள் துணிவு என்று புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. இன்றைக்கும் புது இலக்கத்திலிருந்து போன் வந்தால் பயமாகத்தான் இருக்கும். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனை எடுக்கப் பழகிக்கொண்டேன். அவளும் அப்படித்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டு முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தாராம். பிறகு, "என் கடையில சேலை எடுக்கிறவங்க மடிச்சுக் கேட்டா, நீ செஞ்சு குடுப்பியா?" என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கும் எங்களுக்கு வரும் ஓர்டரில் பாதி அந்தக் கடையிலிருந்துதான்.

அடுத்த மாதம் முதலாம் திகதி காலை எட்டு மணிக்கு அவள் முழுநேர வேலைக்கு என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புதுச் செருப்பு, நெற்றியில் திருநீறு. மேசையைத் துடைத்து வைத்தோம். அயனைச் சூடாக்கினோம். அன்றைக்கு ஓர் ஓர்டரும் இல்லை. பத்து மணிவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தோம். பிறகு அவள் எழும்பிப் போய் ஜன்னல் திரைகளைக் கழற்றினாள். மத்தியானத்துக்குள் வீட்டிலிருந்த எட்டுத் திரைக்கும் கொய்யகம் வைத்து, ஊசி குத்தி, அயன் பண்ணி மாட்டிவிட்டோம். கடல் காற்றுக்கு ஒன்றுகூட அசையவில்லை.

பின்னேரம் வேலை முடிந்து வந்த கணவர் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்ன, ஜன்னலுக்கும் கலியாணமோ?" என்று கேட்டுவிட்டு, எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் போட உள்ளே போனார்.