மரியதாஸ் அண்ணையின் 416ஆம் அட்டை

செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளின் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் மரியதாஸ் அண்ணையின் மனைவி திரேசா அக்கா. "றெஜினா, அவர் போயிட்டார். ரீ வேணுமெண்டு கேட்டவர். நான் கீழ போய் வாங்கிக்கொண்டு வாறதுக்குள்ள முடிஞ்சுது" என்றார். பத்து நாள்தான் அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்தார். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அழுத நேரத்தில் நான் பயந்துகொண்டிருந்தேன். ஏன் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்த முப்பத்தோராம் நாள் மலரில் நான் எழுதுவது வெறும் பூசி மெழுகலாகத்தான் இருக்கும்.

ஞாயிறு பிற்பகலில் எங்கள் சமூக வானொலியின் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு அண்ணையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்தவர். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்து ஓய்வு பெற்றவர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இரண்டு அறை வீட்டில் அக்காவோடு வாழ்ந்தார், பிள்ளைகள் இல்லை. அவர் சேர்த்தது பழைய வானொலி விளம்பரங்கள். அதுவும் சோப்புக்கும் பற்பசைக்கும் வந்தவை அல்ல. ஐம்பது வருடத்துக்கு முன் குறைந்த செலவில் எடுத்து, பேயையும் கொலையையும் அரைகுறை உடுப்பையும் காட்டி, இரண்டு கிழமை ஓடிவிட்டு மறைந்துபோன மூன்றாந்தரப் படங்களின் விளம்பரங்கள். அந்தக் காலத்தில் அவற்றைச் சின்ன ஒலித்தட்டுகளில் பதிந்து வானொலி நிலையங்களுக்கு அனுப்புவார்களாம். ஒரே தட்டில் அறுபது செக்கன், முப்பது செக்கன், பத்துச் செக்கன் என்று மூன்று அளவில் இருக்கும். ஒரு ஆண் குரல் உறுமும். ஒரு பெண் வீரிடுவாள். இருதயம் பலவீனமானவர்கள் வரவேண்டாம் என்பார்கள். மயங்கி விழுகிறவர்களுக்காகத் தியேட்டர் வாசலில் தாதி நிற்பார் என்று சத்தியம் செய்வார்கள்.

முதல் பெட்டி அவருக்குக் கிடைத்தது ஒரு மூடிய வானொலி நிலையத்தில். அங்கே பகுதி நேரமாகக் கூட்டித் துடைக்கப் போனவரிடம் குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்தார்களாம். "ஒண்டைப் போட்டுக் கேட்டன் தங்கச்சி. எறிய மனம் வரேல்லை" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெட்டியோடு எங்கள் ஸ்ரூடியோவுக்கு வந்தார். நிகழ்ச்சியைத் தயாரிக்கும் நான் ஒரு பயந்தாங்கொள்ளி. மெட்ரோவின் நகரும் படியில் இறங்குவதற்கே கைபிடியை இறுக்கிப் பிடிப்பவள். அவர் முதல் தட்டை ஓடவிட்டார். பெண் வீரிட்ட இடத்தில் நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டேன். அண்ணைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீர்தான் சரியான ஆள். பயப்படாத ஆளுக்கு இது வெறும் சத்தம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து நிமிடம் ‘முப்பது செக்கன் பயம்’ அவருடையது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ விளம்பரத்தைப் போட்டுவிட்டு, அதே உறுமலோடு தமிழில் சொல்வார். பிரெஞ்சு விளம்பரத்துக்கு மட்டும் அர்த்தத்தை என்னிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார்.

ஒருமுறை ஒரு தாய் தொலைபேசியில் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். சதுப்பு நிலத்திலிருந்து எழும்பி வரும் விதவைகளைப் பற்றி அண்ணை சொன்னதைக் கேட்டபின் அவருடைய மகள் தனியே குளியலறைக்குப் போக மாட்டேன் என்கிறாளாம். அடுத்த கிழமை அண்ணை அந்தப் பிள்ளையோடு வானலையிலேயே கதைத்தார். "பிள்ளை, அந்த விதவையளுக்கு ஆயுள் முப்பது செக்கன்தான். நீர் எண்ணும், நானும் எண்ணுறன்" என்று சொல்லி, ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும் நிதானமாக எண்ணினார். "முடிஞ்சுது. இனிப் போய் முகத்தைக் கழுவும்." தாய் திரும்ப அழைத்து, பிள்ளை போய்விட்டாள் என்று சிரித்தார்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெள்ளை அட்டை எழுதி, சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். எண், நீளம், குரல், சொல்லுகிற விஷயம் என்று வரிகள் போகும். கடைசி வரி எப்போதும் ‘பார்த்தேனா’. அதற்கு நேரே எல்லா அட்டைகளிலும் ‘இல்லை’. நானூறுக்கு மேற்பட்ட விளம்பரங்களைச் சேர்த்த மனிதர் அவற்றில் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அது எனக்குப் பகிடியாக இருந்தது. ஒருநாள் அந்த விதவைகளின் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். படம் தொடங்கியதும் அண்ணை எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார், சத்தம் கேட்காமல் இருக்க. நானும் அக்காவும் பார்த்தோம். விதவைகள் மூன்று பேர். ஒருத்திக்கு மீசை மழித்த அடையாளம் தெரிந்தது, இன்னொருத்தியின் கையில் மணிக்கூடு. அக்கா சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். முடிந்தபிறகுதான் அண்ணை வெளியே வந்தார். "சின்னனில ஒருக்கா விளம்பரத்தைக் கேட்டு நடுங்கிக்கொண்டு படத்துக்குப் போனனான். பேய் சாக்கை உடுத்திக்கொண்டு வந்திச்சுது. தியேட்டரே சிரிச்சுது. அண்டைக்கு என்ர பயத்தைப் பறிச்சுப்போட்டாங்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "பேந்து ஊரில வந்த பயங்களுக்கு விளம்பரம் இருக்கேல்லை. நேர வந்து கதவைத் தட்டினது."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இனி நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு அண்ணை வழக்கத்தைவிட முந்தி ஸ்ரூடியோவுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "பிரெஞ்சில கிடக்கு. வாசிச்சுச் சொல்லும்." ஆஸ்பத்திரிக் கடிதம். இருமலுக்கென்று போனவருக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இடது நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது. மேலும் பரிசோதிக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணை தன் ஸ்டொப் வொச்சை எடுத்தார். "இன்னொருக்கா வாசியும், நிப்பாட்டாமல்." வாசித்தேன். பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டுச் செக்கன். அருமையான விளம்பரம்" என்று அந்த உறுமல் குரலில் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, "திரேசாக்கு இப்ப சொல்லாதையும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டு கிழமை போனது. போனீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம். மார்கழி வந்தது, தை வந்தது. வானலையில் அவருக்கு இருமல் வரத் தொடங்கியது. "குளிர் இருமல்" என்பார். இருமப் போகிறார் என்பது தோள் அசைவிலேயே எனக்குத் தெரிந்துவிடும். உடனே அவருடைய ஒலிவாங்கியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். இருமி முடிந்ததும் கூட்டுவேன். அதில் நான் அவ்வளவு கெட்டிக்காரியாகிவிட்டேன் என்றால், கேட்டுக்கொண்டிருந்த உங்களில் ஒருவருக்குக்கூட அவர் நோயாளி என்று தெரிந்திருக்காது. அக்காவும் வீட்டில் வானொலியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மாசியில் மூச்செடுக்க முடியாமல் அம்புலன்சில் கொண்டுபோனார்கள். பரவிவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். "குளிர் இருமலெண்டுதான் சொன்னவர், திடீரெண்டு வந்திட்டுது" என்று அக்கா பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அண்ணை கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதும் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, நான் கால்மாட்டில்தான் நின்றேன்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணையின் தட்டுகளைத் துடைத்து வைக்கும்போது ஒரு உறைக்குள் தட்டுக்குப் பதிலாக ஒரு கடிதம் இருந்ததாம். "பிரெஞ்சில கிடக்கு. என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லு" என்றார். அதே சொற்கள்! நான் அந்தக் கடிதத்தை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் விரித்து, சொல்லைத் தேடுவதுபோல் இடையிடையே நிறுத்தி, வாசித்துச் சொன்னேன். அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார். "அவருக்கு இது ஆர் வாசிச்சுச் சொன்னது? ஒருத்தரும் சொல்லாமல் விளங்காமலே வைச்சிட்டாரோ?" என்று கேட்டுவிட்டு, ரீ போட எழுந்து போனார்.

உறையின் மூலையில் அண்ணையின் எழுத்தில் 416 என்று இருந்தது. எனக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். குசினியில் கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, சப்பாத்துப் பெட்டியைத் திறந்து அட்டையைத் தேடி எடுத்தேன்.

எண்: 416
நீளம்: 28 செக்கன்
குரல்: பெண். எங்கட றெஜினா. நடுங்குது.
சொல்லுறது: இரண்டு கிழமைக்குள்ள வா.
பார்த்தேனா: இல்லை.

அதை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா கொண்டுவந்த ரீயைக் குடித்தேன். மலருக்கு நீயும் எழுதவேண்டும் என்று அக்கா சொன்னதற்கு ஓம் என்றேன். செத்தவருடைய வீட்டில் களவெடுத்துவிட்டு, அவருக்கு அஞ்சலி எழுதவும் ஒப்புக்கொண்டு வெளியே வந்தேன்.

பன்னிரண்டு நாள் எழுத முடியவில்லை. தொலைபேசி அடித்தால் அக்காவாக இருக்குமோ என்று பயம், அக்காவாக இல்லாவிட்டால் எப்போது எடுப்பாரோ என்று பயம். கடைசியில் போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே அங்கே போய், அட்டையை அக்காவின் முன்னால் வைத்தேன். "இது அண்ணையின்ர பெட்டிக்குள்ள இருந்தது. அண்டைக்கு நான்தான் எடுத்தனான்."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"எப்ப?"

"ஐப்பசியில. ஸ்ரூடியோவில வைச்சு."

"வாசிச்சுப்போட்டு ரெண்டு பேரும் என்ன செய்தனீங்கள்?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "சிரிச்சனாங்கள் அக்கா."

அக்கா அட்டையை மேசையில் வைத்து, அதன் விளிம்பைக் கையால் நேராக்கினார். "எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரிச்சிருப்பன். சிரிச்சுப்போட்டு, ஆளைப் பிடரியில பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிருப்பன்" என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், ஆனால் பக்கத்தில் போய் உட்கார எனக்குத் துணிவு வரவில்லை.

போகும்போது அட்டையை என்னிடமே நீட்டினார். "உன்ர குரல்தானே. நீயே வைச்சிரு. மலருக்கு இதையும் எழுது, ஒண்டையும் விடாதை."

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன். கேட்காமல் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. ஐப்பசியிலும் அது அப்படித்தான் சொன்னது. இந்தமுறை கேட்டேன்: "அக்கா, என்னில கோவமோ?"

"ஓம், கோவம்தான்" என்றார் அக்கா. "சனிக்கிழமை பூசைக்கு முதலே வந்திடு. சமையலுக்கு ஆள் காணாது."

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று அந்த அட்டை. மற்றது எங்கள் நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவு. நேற்று தை மாதத்துப் பதிவுகளை எடுத்துக் கேட்டேன். அண்ணை உறுமிக்கொண்டு போகிறார், திடீரென்று ஒரு செக்கன், இரண்டு செக்கன் ஒன்றும் கேட்காது, பிறகு மறுபடி உறுமுகிறார். நேயர்கள் அதை அவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று நினைத்திருப்பீர்கள். பயம் காட்டத் தெரிந்த மனிதர் என்று பாராட்டிக்கூட இருப்பீர்கள். அந்த இடங்களில் அவர் இருமுகிறார்.