நிழலுக்கு எந்தத் தையல்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. திருப்பதியில் அண்ணி வீட்டு ஹாலில், சர்ச் பெண்கள் ஐக்கியத்தார் ஜெபம் முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த நான், பெண்கள் கூட்டத்தில் எனக்கென்ன வேலை என்று புரியாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

சுகந்தி அக்கா - ஐக்கியத்தின் தலைவி, நல்ல மனுஷி, மனதில் பட்டதை வடிகட்டாமல் பேசுகிறவர் - சுவரோரம் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த கேன்வாஸைக் குனிந்து பார்த்தார்.

"எஸ்தரு, இன்னா அழகா தைச்சிருக்கே! மலை, ஏரி, புளியமரம்... சாமுவேலு கல்லறையக்கூட விடாம போட்டுட்டியே!"

அண்ணி டீ தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

ஏனென்றால், அது கல்லறை இல்லை. என் அண்ணனின் நிழல்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சாமுவேல் என் அண்ணன். போன வருஷம் ஒரு காலையில், ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அண்ணி எஸ்தரும் மகள் பிரின்சியும் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். கூப்பிடக்கூட நேரம் கொடுக்கவில்லை அந்த மனுஷன்.

அண்ணனுக்குப் போட்டோ பைத்தியம். வீட்டில் விசேஷம் என்றால் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பார். எங்களை வரிசையாக நிறுத்தி அதட்டுவார். "டேய், காலரச் சரி பண்றா! இன்னாத்துக்குக் கூனிக்கினு நிக்கிற? நேரா நில்லு!" நான் ரிட்டயர் ஆன பிறகும் இதே அதட்டல்தான்.

விளைவு? வீட்டில் எல்லோருடைய படமும் இருக்கிறது, கல்யாணத்தன்று எடுத்ததை விட்டால் அவருடையது இல்லை. அடக்க ஆராதனைக்கு ஆதார் கார்டு போட்டோவைப் பெரிதாக்கித்தான் வைத்தோம். ஆதார் போட்டோவில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்? ஹாலில் மாட்டியிருந்த அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்புறம்தான் பிரின்சி அவருடைய போனைக் குடைந்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்தாள். புத்தலப்பட்டு தாண்டி, ரோட்டோரம் பைக்கை நிறுத்தி எடுத்தது. தூரத்தில் மலை. இந்தப் பக்கம் ஏரி, கரும்பு, புளியமரங்கள். முன்னால் செம்மண் தரை. சாயங்கால வெயில் முதுகில் அடித்ததால், எடுத்தவரின் நிழல் நீளமாக அந்தத் தரையில் விழுந்திருந்தது. தலை, தோள், போனைத் தூக்கிப் பிடித்த முழங்கை... எல்லாம் தெரிந்தது.

அண்ணிக்கு கேன்வாஸ் எம்ப்ராய்டரி நன்றாக வரும். சல்லடை மாதிரி துளை துளையாக இருக்கும் கெட்டித் துணியில் படத்தை அச்சடித்து வாங்கி, துளைகளில் நூல் கொடுத்து நிரப்புகிற வேலை. பிரின்சி சென்னையில் ஒரு கடையில் சொல்லி அந்தப் படத்தை அச்சடித்து வரவழைத்தாள்.

"மொத வருஷ ஜெபக்கூட்டத்துக்குள்ள முடிச்சிடணும் தம்பி. அந்த ஆதார் போட்டோவ எறக்கிட்டு இத்த மாட்டணும்" என்றார் அண்ணி.

எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது. ஆனாலும் அடிக்கடி போன் வரும்.

"தம்பி, வானத்துக்கு இன்னா தையல் போடலாம்?"

"வானத்த விட்டுடுங்க அண்ணி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அண்ணி அதையே பிடித்துக்கொண்டார். மெல்லிய நூலால் இடைவெளி விட்டுத் தைத்தார். அச்சடித்த நீலம் அடியிலிருந்து தெரிய, நிஜமாகவே வானமாகிவிட்டது. அன்றைக்குப் போனில் அண்ணி சிரித்தார். அண்ணன் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது... போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஏரிக்குப் படுக்கை வாட்டில் நீள நீளத் தையல். மலைக்குச் சாய்ந்த தையல். புளிய இலைக்குக் குட்டிக் குட்டியாகப் பிரெஞ்ச் நாட் முடிச்சு. செம்மண் தரைக்குப் பாய் பின்னியது போன்ற ஒரு தையல். எதை எங்கே போடுவது என்று ஓரத்துத் துணியில் தைத்துப் பார்ப்பார், பிரிப்பார், மறுபடியும் தைப்பார். எல்லா இடத்திலும் அலங்காரம் பண்ணினால் கண்ணுக்கு உட்கார இடம் இருக்காது என்று எனக்கே பாடம் எடுத்தார்.

கடைசியில் மிஞ்சியது நிழல்.

நிழலுக்கு எந்தத் தையல்? இதில்தான் அண்ணி தன் பாடத்தைத் தானே மறந்தார். இருப்பதிலேயே நல்ல தையலாக இருக்க வேண்டும், அவராயிற்றே! அடியில் நூல் பரப்பி மேடாக்கி, அதன்மேல் கறுப்புப் பட்டு நூலால் பிரிக் தையல் போட்டார். செங்கல் அடுக்குகிற மாதிரி வரிசை வரிசையாக வருவது. பளபளவென்று எழும்பி நின்றது. ஓரமெல்லாம் கெட்டிப்பட்டு, தலையும் முழங்கையும் அதற்குள்ளேயே அமுங்கிவிட்டன.

கீழ் வீட்டு ரமணம்மா அதைப் பார்த்து, "காலுவ பாகுந்தி எஸ்தரம்மா" என்றாராம். வாய்க்கால் நன்றாக இருக்கிறதாம். விவசாயக் குடும்பம், அவர் கண்ணுக்கு அப்படி. சர்ச்சுக்குப் பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம் வைத்து, பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கல்லறையில் பூ வைத்துவிட்டு வருகிற எங்கள் ஆட்கள் கண்ணுக்கு? செங்கல் வைத்துக் கட்டிய நீள மேடு வேறு எதுவாக இருக்க முடியும்?

என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமலேயே சுகந்தி அக்கா சீக்கிரம் கிளம்பிவிட்டார். மற்றவர்களும் போனார்கள். அண்ணி கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தார். பட்டு நூலை நறுக்கி நறுக்கி, பின்பக்கமாக இழுத்துப் போட்டார். பார்க்க வேதனையாக இருந்தது.

"விடும்மா. புல்லு தைச்சி மூடிடலாம். நைனா நெழலுன்னு நமக்குத்தான தெரியும்?" என்றாள் பிரின்சி.

"பச்ச நூலு மிச்சம் இருக்குதே அண்ணி" என்று நானும் சேர்ந்துகொண்டேன். பெரிய யோசனை சொல்லிவிட்ட நினைப்பு!

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு மேல நானே புல்லு மொளைக்க வெக்கணுமா தம்பி?"

நான் பச்சை நூலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

வெயில் சாயும் நேரம். மொட்டை மாடியில் கோரைப்பாய் போட்டு மிளகாய் காயவைத்திருந்தார்கள். அள்ள உதவலாம் என்று நானும் அண்ணியோடு போனேன். குனிந்து பாதியை அள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். காலியான பாயின்மேல் அவருடைய நிழல் விழுந்திருந்தது.

"தம்பி, இங்க வாங்க. என் நெழலு வுழுந்ததால இந்தப் பாயோட பின்னல் மாறிப்போச்சா?"

"இல்லியே."

"அதே பின்னலுதானே ஓடிக்கினு இருக்குது? கலருதான இருட்டா இருக்குது?" பாயை விரலால் தடவினார். "நான் அவருக்குன்னு தனியா ஒரு தையலத் தேடிக்கினு இருந்தேன். நெழலுக்கு ஏது தம்பி தனித் தையலு? அதான் கல்லறையாப் போச்சு."

மிளகாயை நான்தான் அள்ளினேன். அண்ணி இறங்கிப் போய்விட்டார்.

தரைக்குப் போட்ட அதே பாய்ப் பின்னல் தையல். துளை விடாமல், வரிசை மாறாமல், நிழலுக்குள்ளும் அதுவே தொடர்ந்தது. செம்மண் நிற நூலுக்குப் பதில் அடர்ந்த காப்பி நிற நூல், அவ்வளவுதான்.

யோசித்துப் பார்க்கிறேன். போனவர்களுக்கென்று மனதில் தனியாக ஒரு மேடு கட்டத்தானே நாமும் பார்க்கிறோம்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் போனதிலிருந்து, பஸ் புத்தலப்பட்டை நெருங்கினால் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த ஏரியும் புளியமரமும் எனக்குப் பார்க்கக் கூடாத இடமாகிவிட்டன. அவர் ஆசையாக நின்று பார்த்த இடம் அது! ஜெபக்கூட்டத்துக்குப் போகும்போது மூடவில்லை. கண் கலங்கியதால் சரியாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

ஜெபக்கூட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆதார் போட்டோ இருந்த ஆணியில் கேன்வாஸ். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்தது. சுகந்தி அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தின் பக்கத்தில் போனார். அன்றைக்கு அவர் போன பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பிரின்சி அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எஸ்தரு... இங்க யாரோ நிக்கிறாங்களே. நெழலு வுழுந்துக்கினு இருக்குது. யாரு அது?"

அண்ணி அக்காவின் பக்கத்தில் போய் நின்றார்.

"அவருதான்க்கா. போட்டோ புடிச்சிக்கினு இருக்காரு."

நான் காலரைச் சரி செய்துகொண்டு, நேராக நின்றேன்.