சுல்மீரா கலந்த மெட்ரோன்யு

மொன்சிக் மலையில் எர்மீனியு காய்ச்சும் மெட்ரோன்யுவுக்குத் தனி மரியாதை. சிவந்த காட்டுப்பழத்தை மாதக்கணக்கில் ஊறப்போட்டு, ஜனவரிக் குளிரில் செப்புக் கொப்பரையில் வடித்த சாராயம். போத்தலைக் குலுக்கினால் கழுத்தோரம் முத்து முத்தாய்க் குமிழி நிற்கவேண்டும். பிறகு ஒரே மடக்கு. அதில் தண்ணீர் கலப்பவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி சுல்மீரா, ஊர் நடுவில் தான் நடத்தும் சின்ன மதுக்கடையில், அதே சாராயத்தோடு எலுமிச்சை, தேன், முட்டை வெள்ளை, பனிக்கட்டி எல்லாம் போட்டுக் குலுக்கி, நுரை ததும்ப ஒரு காக்டெயில் கொடுத்தாள். சுற்றுலாக்காரர்களை விடுங்கள், பாதிரியாரே இரண்டாவது கேட்டார். விஷயம் காதுக்கு எட்டியதும் எர்மீனியுவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இனிக் கடைக்கு ஒரு சொட்டு கிடையாது என்று சொன்னவர், அதன்பிறகு வாயே திறக்கவில்லை. சூப் வைத்தால் குடிப்பார், கிண்ணத்தைத் தள்ளுவார், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் காணாத மௌனம். கடை போனால் போகட்டும், இந்த மனுஷன் முகம் கொடுத்துப் பேசினால் போதும் என்று தவித்துப்போனாள், பாவம்.

பத்தாம் நாள் மதியம், கடையில் மிச்சமிருந்த சாராயத்தில் ஒரு கிளாஸ் கலந்து எடுத்துக்கொண்டு, அவர் காய்ச்சும் கொட்டகைக்கே போனாள்.

"இந்த சோப்புத் தண்ணி எனக்கு எதுக்கு?" என்றார்.

"உனக்கில்ல மனுஷா, எனக்கு. வருஷா வருஷம் மொத வடிப்ப என் கையில குடுக்கிற. நான் உதட்டுல வச்சுட்டு, நீ அந்தப் பக்கம் திரும்புனதும் வெளிய கொட்டிடுவேன். தொண்டை எரியும், முடியாது. நல்லாருக்குன்னு பொய்தான் சொன்னேன். இப்படிக் கலந்தாத்தான் என்னால குடிக்க முடியுது. நீ காய்ச்சுறதோட ருசி எனக்கு இந்த வருஷந்தான் தெரிஞ்சுது."

ஊரே மெச்சும் சரக்கு, பெண்டாட்டி தொண்டைக்குள் இத்தனை வருஷம் இறங்கவே இல்லையா! எர்மீனியுவுக்குக் கண் கலங்கியது. முக்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தார்.

"குடி சுல்மீரா. நான் பாக்கறேன்."

அவள் நிதானமாகக் குடித்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. "பழ வாசம் வருதா? உண்மையச் சொல்லு," என்று, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போலக் கேட்டார்.

அவள் தயங்கினாள். "வருது. ஆனா லேசாத் தீய்ஞ்ச வாசமும் அடிக்குது."

எர்மீனியு தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. இந்தத் தடவ தீ கூடிப்போச்சு," என்றார். "ஒருத்தனும் சொல்லல."