தெய்வநாயகி எழும்பிப் பாடிய நாள்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் கோட்டுகளுக்குக் கை பொருத்துகிறவள் தெய்வநாயகி. மட்டக்களப்பிலிருந்து வந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் லீவு எடுக்காதவள், 1987 டிசம்பரில் மூன்று கிழமை சேர்த்து எடுத்தாள். நியூசிலாந்தில் இருக்கும் தங்கை புஸ்பராணி விமான ரிக்கற் அனுப்பியிருந்தாள்.

போய் இறங்கிய மூன்றாம் நாள் இருவரும் சுற்றுலா பஸ் ஒன்றில் ஏறினார்கள். ரொறன்ரோவில் பனி கொட்டுகிற மாதத்தில் இங்கே கடலோர மரமெல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தெய்வநாயகி எழும்பி நின்றாள்.

"அக்கா, இருங்கோ. கடல் எங்கையும் ஓடாது."

"நீ இருந்து பார். நான் நிண்டு பாக்கிறன்."

அந்த நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் சபை வீடொன்றின் முன் பஸ் நின்றது. வாசலில் முதியவள் ஒருத்தி குரலை நீட்டி விருந்தாளிகளை அழைத்தாள். தெய்வநாயகிக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியவர் ஒருவர் எல்லாரையும் இருத்தி வரவேற்றுப் பேசினார், பெண்கள் பாடினார்கள்.

"முறைப்படி இனி நீங்கள் ஒரு பாட்டுப் பாடவேண்டும்" என்றார் வழிகாட்டி.

வந்த மற்ற இருபத்தாறு பேரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். தெய்வநாயகி எழும்பித் தொண்டையைச் செருமினாள். புஸ்பராணி சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, வேண்டாம். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். கூப்பிட்டவைக்குப் பதில் சொல்லாமல் நிக்கேலுமே?"

மெஷின் இரைச்சலுக்குள் மட்டும் முணுமுணுத்துவந்த கும்மிப் பாட்டை எடுத்தாள். முதல் அடியில் குரல் நடுங்கியது. இரண்டாம் அடியில் கை தானாகத் தட்டியது. நாலாம் அடிக்குள் அந்தப் பெண்களும் சேர்ந்து தட்டினார்கள்.

முடிந்ததும் அந்த முதியவள் வந்து, தெய்வநாயகியின் தோளைப் பிடித்து, தங்கள் வழக்கப்படி நெற்றியையும் மூக்கையும் அவளுடைய நெற்றியிலும் மூக்கிலும் ஒற்றினாள். "ஒரே மூச்சு. இனி நீ வெளியாள் இல்லை" என்றாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தூண் தூணாகச் செதுக்கியிருந்த முன்னோரை, இவர் என் பாட்டன், இவர் அவருக்கும் பாட்டன் என்று அறிமுகம் செய்துவைத்தாள்.

பின்னேரம் படகில் போனார்கள். நடுவில் துளை விழுந்த பெரும் பாறைக்குள்ளால் படகு நுழைந்தபோது அலை அடித்து இருவரும் தெப்பமாக நனைந்தார்கள். "திருப்பி ஒருக்கால் போகச் சொல்லு" என்று தங்கையை உலுக்கினாள் தெய்வநாயகி.

ரொறன்ரோ விமான நிலையத்தில் கணவர் குஞ்சித்தம்பி பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

"இஞ்சருங்கோ, நான் பாடினனான்."

"எங்கை?"

அங்கே தொடங்கிய கதை, மோர்னிங்சைட்டில் வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் முடியவில்லை. கண்ணாடியைப் பனி மூடியது. இருவரும் இறங்கவேயில்லை.